பூட்டு எந்தப் பக்கம்

அந்த ஜன்னலில் நாலைந்து கம்பிகள் நெடுக்காக நின்றன. நடுவே என் கை போகும். டிபன் கேரியர் போகாது. அதனால் அம்மா சோற்றை வாழையிலையில் வைத்து, மேலே பழைய செய்தித்தாளைச் சுற்றி, உள்ளங்கையால் அழுத்தித் தட்டையாக்கிக் கொடுப்பாள். குழம்பு தனியாக ஒரு பிளாஸ்டிக் கவரில், வாயை நூலால் இறுக்கிக் கட்டி. பொழுது சாயும் நேரம் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்ப் பம்ப் ஷெட்டின் ஜன்னலுக்கு வெளியே நிற்பேன். பொட்டலத்தைச் சாய்த்து உள்ளே தள்ளினால் அப்பா மறுபக்கம் வாங்கிக்கொள்வார். குழம்புக் கவர் கம்பியில் உரசிக் கிழிந்துவிடக்கூடாதே என்று இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். அது பத்திரமாக உள்ளே போனதும் அப்பா சிரிப்பார். "இன்னாடி, ஜெயில்ல மனு போட்டுப் பாக்க வந்தவ மாதிரி நிக்கிற? வூட்டுக்குக் கெளம்பு, இருட்டிகினு வருது" என்பார்.

இதைச் சொன்னால் கேட்பவர்கள் "ஐயோ பாவம்" என்கிறார்கள். சிலருக்குக் கண் கலங்கிவிடுகிறது. இப்போது இது ஒரு படத்திலும் வந்துவிட்டதால், முன்பின் தெரியாத ஊர்களில் இருப்பவர்களும் இதற்காக அழுதிருக்கிறார்கள். ஆனால் கதவு என்று ஒன்று இருக்கும்போது சோற்றை ஏன் ஜன்னல் வழியாகக் கொடுத்தாய் என்று ஒருவர்கூட என்னைக் கேட்டதில்லை.

கதவு பூட்டியிருந்தது. அதுதான் காரணம். எங்கள் ஊர் பாகூருக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. நல்லவாட்டுப் பக்கம் கடலோரத்தில் அப்போது ஒரு கெமிக்கல் கம்பெனி இருந்தது. அதன் கழிவு நீரைக் கடலுக்குள் தள்ளும் மோட்டார்கள் ஒரு தனி ஷெட்டில், கம்பெனியிலிருந்து கொஞ்சம் தள்ளி, சவுக்குத் தோப்பு ஓரத்தில் இருந்தன. கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்த அப்பாவுக்கு அங்கே ராத்திரி வாட்ச்மேன் வேலை கிடைத்தது. மோட்டாரிலிருந்து செம்புக் கம்பி திருட்டுப் போகிறது என்று, சாயந்திரம் ஷிஃப்ட் மாறும்போது வாட்ச்மேனை உள்ளே விட்டு வெளியே பூட்டுப் போட்டுவிட்டு, சாவியைச் சூப்பர்வைசர் எடுத்துக்கொண்டு போவார். காலையில் வந்து திறப்பார். அப்பாவுக்கு மட்டும் அல்ல, அங்கே ராத்திரி வேலை பார்த்த எல்லோருக்கும் அதுதான் வழக்கம். அப்பா அதைப் பற்றிப் புலம்பியதாக எனக்கு நினைவில்லை. கரும்புத் தோட்டத்தில் கைகால் எல்லாம் கீறிக்கொண்டு நின்றவருக்குக் காக்கிச் சட்டையும் பெல்ட்டும் விசிலும் பெரிய விஷயம். பகலில் ஈரத் துண்டைக் கண்மேல் போட்டுக்கொண்டு தூங்குவார். எழுந்ததும் சட்டையை அவரே துவைத்து, அவரே தேய்த்து, தலையைப் படிய வாரிக்கொண்டு போவார். போய் உட்காருவது யாரும் பார்க்காத ஒரு பூட்டிய அறையில்.

அந்தக் கழிவுக் குழாய்த் தண்ணீரால் மீன் செத்து ஒதுங்குகிறது என்று நல்லவாட்டு மீனவர்கள் போராட ஆரம்பித்தார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கியவரைத்தான் இன்று ஒரு கூட்டம் அரசியல் கைதி என்கிறது. இன்னொரு கூட்டம் கொலைகாரன் என்கிறது. அவரோடு இருந்தவர்கள் அவரை அண்ணன் என்றே கூப்பிடுவார்கள். அப்பாவுக்கு அந்தப் பிள்ளைகள் மேல் கோபம் கிடையாது. "அவங்க கேக்கறது ஞாயந்தான். சம்பளம் குடுக்கறவன் கம்பெனிக்காரன், நான் இன்னா பண்ண?" என்று அம்மாவிடம் சொல்வார். சவுக்குத் தோப்பில் பந்தல் போட்டு அவர்கள் உட்கார்ந்திருந்த நாட்களில் நான் சோறு கொண்டுபோகும்போது, போராட்டத்துக்கு வந்தவர்கள் ஜன்னல் வழியே அப்பாவோடு பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒருநாள் அந்த அண்ணனே காகித டம்ளரில் டீ கொண்டுவந்து கம்பிக்கு நடுவே நீட்டினார். அப்பா வாங்கிக் குடித்தார். இதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

ஒரு ராத்திரி அந்த ஷெட் எரிந்தது. அப்பா உள்ளே இருந்தார்.

யார் தீ வைத்தார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. கூட்டத்திலிருந்த சில இளைஞர்கள் என்று சொல்கிறார்கள். கம்பெனியே வைத்துக்கொண்டது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அதற்கு முந்தைய நாள், "குழாயை நீங்கள் அடைக்காவிட்டால் நாங்கள் அடைப்போம்" என்று அண்ணன் மைக்கில் பேசியிருந்தார். சதி செய்து தூண்டிவிட்டதாக அவர் மேல் வழக்கு வந்தது. போராட்டக்காரர்கள் கதவை வெளியே பூட்டிவிட்டுத் தீ வைத்தார்கள் என்றது போலீஸ். எங்கள் ஷெட்டை வெளியே பூட்டும் பழக்கமே இல்லை என்றது கம்பெனி. அந்தப் பூட்டுதான் தீ வைப்பைக் கொலையாக்கியது. அவருக்கு ஆயுள் தண்டனை வாங்கித் தந்தது. அம்மாவைக் கோர்ட்டுக்குக் கூப்பிட்டார்கள். புகைப்படத்தைக் காட்டி, இது உன் கணவனா என்று கேட்டார்கள். ஆமாம் என்றாள். இறங்கு என்றார்கள். தினமும் பூட்டுவார்களா என்று எந்த வக்கீலும் கேட்கவில்லை. கேட்காததை எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவளுக்கே தெரியாதபோது, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த எனக்கு என்ன தெரியும்?

வருடங்கள் ஓடின. அந்தக் கம்பெனி மூடிக் கிடக்கிறது. நான் தபால் வழியில் பி.ஏ. தமிழ் படித்தேன், கல்யாணமாகி வில்லியனூருக்கு வந்தேன், திருபுவனையில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். அம்மா இப்போது என்னோடு இருக்கிறாள். அப்படியிருக்கும்போதுதான் படமெடுக்கிற ஒரு பெண் சென்னையிலிருந்து எங்களைத் தேடி வந்தாள். அண்ணனைப் பற்றி ஆவணப்படம் எடுப்பதாகச் சொன்னாள். நல்ல பெண். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். இறந்தவர் பக்கத்தையும் கேட்காமல் படம் எடுக்கக்கூடாது என்று நினைக்கிறேன் அக்கா என்றாள். அந்த ஒரு சொல்லுக்காகவே நான் பேச ஒப்புக்கொண்டேன்.

மத்தியானத்திலிருந்து வெயில் இறங்கும்வரை பேசினேன். ஜன்னல், பொட்டலம், பூட்டு, சாவி எடுத்துப் போகும் சூப்பர்வைசர், டீ டம்ளர், கோர்ட்டில் அம்மாவிடம் கேட்ட ஒரே கேள்வி, எல்லாவற்றையும் சொன்னேன். பூட்டைப் பற்றிச் சொன்னபோது அவள் கேமராக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். சொன்னேன். வாழையிலையில் சோறு கட்டும் விதத்தைக் கேட்டு, அம்மாவைக் கட்டச் சொல்லி எடுத்தார்கள். எங்கோ ஓரிடத்தில் அதே போன்ற ஒரு ஜன்னலைக் கண்டுபிடித்து அதன் முன்னால் என்னை நிற்கவைத்தார்கள். அவர்கள் போனபிறகு அம்மா, "இத்தினி வருசம் கழிச்சி ஒருத்தி வந்து கேட்டாளே" என்று மட்டும் சொன்னாள்.

படம் இணையத்தில் வெளியானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானும் அம்மாவும் போனைச் சுவரில் சாய்த்துவைத்துப் பார்த்தோம். கடலை மேலிருந்து எடுத்திருந்தார்கள். அவ்வளவு அழகான கடலா அது என்றிருந்தது. அண்ணனின் பேச்சு வந்தது. அவர் மனைவி வந்தார். வக்கீல்கள், ஒரு பேராசிரியர், ஓய்வுபெற்ற ஓர் அதிகாரி எல்லோரும் வந்தார்கள். பிறகு நான் வந்தேன். "டிபன் கேரியர் போகாது, அதனால் இலையில் கட்டித் தட்டையாக்கிக் கொடுப்போம்" என்கிறேன். அம்மாவின் கை தெரிகிறது. ஜன்னல் தெரிகிறது. வயலின் அழுகிறது. நான் கண்ணைத் துடைத்துக்கொள்கிறேன். உண்மையில் நான் கண்ணைத் துடைத்தது விளக்கு வெளிச்சம் கூசியதால். அவ்வளவுதான். காட்சி மாறி மறுபடி கடல் வந்துவிட்டது. பூட்டு இல்லை. சாவி இல்லை. டீ இல்லை. கோர்ட் வரும் இடத்தில், "அந்தச் சம்பவத்தில் ஒரு காவலாளி உயிரிழந்தார்" என்று ஒரு குரல் சொல்லிவிட்டுப் போனது.

அம்மா படம் முடிந்ததும், "சொவத்துக்கு வெள்ள அடிச்சிட்டு எடுக்கச் சொல்லியிருக்கலாம்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "பூட்டப் பத்தி நீ சொன்னல்ல?" என்று கேட்டாள்.

"சொன்னம்மா. ரெண்டு வாட்டி சொன்னன்."

"அப்ப ஏன் வரல?"

மறுநாள் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். என் குரலைக் கேட்டதும் அவளே முந்திக்கொண்டாள். "அக்கா, படம் பாத்த எல்லாரும் உங்க சீனைத்தான் சொல்றாங்க. உங்க வலி எனக்குப் புரியுது."

"வலியப் பத்தி நான் கேக்கலமா. பூட்டப் பத்திக் கேக்கறன். அத ஏன் எடுத்துட்ட?"

அவள் காரணத்தைச் சொன்னாள். சட்ட ஆலோசகர் அந்தப் பகுதியை எடுக்கச் சொல்லிவிட்டாராம். கம்பெனிக்காரர்கள் மான நஷ்ட வழக்குப் போட்டால் படமே வெளியே வராதாம். அப்பீல் நிலுவையில் இருக்கும்போது அண்ணன் ஜன்னலில் டீ கொடுத்ததைக் காட்டினால், உள்ளே ஆள் இருப்பது அவருக்குத் தெரியும் என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளுமாம். "படம் வந்தாத்தான அக்கா அவருக்கு ஒரு நல்லது நடக்கும்?" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு ஆத்திரம் அதிகமானது. பொய் சொல்லியிருந்தால் திட்டிவிட்டுப் போனை வைத்திருப்பேன்.

படத்துக்குக் கீழே ஜனங்கள் எழுதியதை எல்லாம் படித்தேன். படிக்கக்கூடாது என்று ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொண்டு ஒவ்வொரு நாளும் படித்தேன். அண்ணனை விடுதலை செய் என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். கொலைகாரனுக்குப் படம் ஒரு கேடா என்று அதே அளவு எழுதியிருந்தார்கள். நடுநடுவே, சோறு கொடுக்கும் காட்சியில் அழுதுவிட்டேன் என்று சிவப்பு இதயங்கள். அந்த அக்கா நடிப்பு அருமை என்று ஒருவர். அந்த இடத்தில் வரும் இசை யாருடையது என்று இன்னொருவர். அதற்கு மட்டும் உடனே பதில் வந்திருந்தது. நானும் ஒருநாள் எழுதினேன். நான் அந்தக் காவலாளியின் மகள், அந்தக் கதவைத் தினமும் கம்பெனிதான் பூட்டியது என்று. தூக்கிய கட்டைவிரல் படத்தைச் சிலர் போட்டார்கள். ஒருவர், உனக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்டார். எந்தப் பக்கம் கொடுத்ததாக அவர் நினைத்தார் என்றுகூட எனக்குப் புரியவில்லை. சாயந்திரத்துக்குள் அதன்மேல் புதிதாக இருபது முப்பது வந்து விழுந்து என் வரி கீழே போய்விட்டது.

தொழிற்சாலைக் கேன்டீனில் கூட வேலை செய்யும் பெண்கள் ஒரே போனைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள். "இத்தன நாளு ஒண்ணா சாப்பிடறோம், ஒரு வார்த்த சொன்னதில்லயே அக்கா" என்றாள். இன்னொருத்திக்குச் சொந்த ஊர் ஏம்பலம். அவள் கூடப்பிறந்தவன் போலீஸில் இருக்கிறான். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "அப்பன எரிச்சவனுக்காக இவ படத்துல போயி நிக்கிறா, நீங்க வேற அழுவுறீங்க" என்றாள். இரண்டு பேரிடமும் நான் பூட்டைச் சொல்ல வாயெடுத்தேன். தேம்பியவள், "விடுக்கா, பழச நெனச்சி நோவாத" என்றாள். ஏம்பலத்துக்காரி திரும்பியே பார்க்கவில்லை.

பிறகு வில்லியனூரிலேயே படத்தைத் திரையிட்டார்கள். தேரடிக்குப் பக்கத்துக் கல்யாண மண்டபம். படமெடுத்த பெண் வரவில்லை. விடுதலைக் குழு என்று சிலர் ஏற்பாடு செய்திருந்தார்கள். நாற்காலி நிரம்பி, ஓரமாக ஆட்கள் நின்றார்கள். ஆதரவாளர்கள் மட்டும் அல்ல, கேள்வி கேட்டே தீருவது என்று வந்திருந்தவர்களும் இருந்தார்கள். படம் முடிந்ததும் கருத்துச் சொல்லலாம் என்றார்கள். யார் யாரோ பேசினார்கள். நான் வந்திருப்பது தெரிந்து என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். கைதட்டினார்கள். ஒருவர் துண்டு போர்த்தினார்.

நான் நேராகச் சொன்னேன். அந்த ஷெட்டைக் கம்பெனிதான் ஒவ்வொரு சாயந்திரமும் வெளியே பூட்டும். சாவி அப்பாவிடம் கிடையாது. தீ யார் வைத்திருந்தாலும், சாவி அவரிடம் இருந்திருந்தால் அவர் வெளியே வந்திருப்பார். உள்ளே ஆள் இருப்பது போராட்டத்திலிருந்த எல்லோருக்கும் தெரியும். அண்ணனுக்கும் தெரியும். அவரே டீ கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

நான் முடிக்கவே இல்லை. பூட்டைக் கம்பெனி போட்டது என்றதும் முன்வரிசை எழுந்து கோஷம் போட்டது. அண்ணனுக்குத் தெரியும் என்றதும் பின்வரிசை எழுந்தது. "கேட்டீங்களா, அவ வாயாலயே சொல்லிட்டா" என்று ஒருவர் கத்தினார். "நீ எங்க ஆளா, அவங்க ஆளா, அத மொதல்ல சொல்லு" என்று இன்னொருவர். மைக் வைத்திருந்த பையன் மெதுவாக என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டான். நான் சொன்னது இரண்டு துண்டாகி ஆளுக்கொரு பக்கம் போய்விட்டது. மறுநாள் போனிலும் அப்படித்தான் வந்தது. ஒரு காணொளியில் நான் பூட்டைப் பற்றி மட்டும் பேசுகிறேன். மேலே, காவலாளியின் மகள் உண்மையை உடைத்தார் என்று போட்டிருந்தது. இன்னொன்றில் டீயைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அதற்கும் மேலே அதே தலைப்பு.

கூட்டம் கலையும்போது நான் கை கழுவும் இடத்தில் நின்று முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு கை என் தோளிலிருந்த துண்டை எடுத்து நீட்டியது. அண்ணனின் மனைவி. படத்தில் பார்த்ததைவிட ஒல்லியாக இருந்தார். நல்லவாட்டில் மீன் ஏலம் எடுத்து விற்றுப் பிழைக்கிறார். அந்த வாசனை சேலையில் இருந்தது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இத்தனை வருடமாகப் பேச்சு கிடையாது.

"எங்க வூட்டுக்காரரு தீ வெக்கல பாப்பா" என்று ஆரம்பித்தார்.

"நான் அத கேக்கலக்கா."

"தெரியும். நீ மேடையில சொன்னத நான் கேட்டன்." துண்டை என் கையில் வைத்தார். "உள்ள ஆளு இருக்குன்னு அவருக்குத் தெரியும். பசங்க கொதிச்சிகினு இருந்தாங்க, நான் பாட்டுக்கு வூட்டுக்கு வந்து படுத்துட்டனேன்னு சொல்லுவாரு. மனு போட்டுப் பாக்கப் போறப்பல்லாம் இதே பேச்சுதான். கேமராக்கு முன்னாடி நான் இதையும் சொன்னன்."

"போடலயே?"

"வக்கீலு வேணான்னுட்டாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. பிறகு அவர், "டெய்லி பூட்டுவாங்களா? நெசமாவா?" என்று கேட்டார். நான் சொன்னேன். சூப்பர்வைசர் எப்போது வருவார், சாவியை எங்கே சொருகிக்கொள்வார், மழையன்று எப்படி நனைந்துகொண்டே பூட்டினார் என்று எல்லாவற்றையும் கேட்டார். அவ்வளவு பேர் பார்த்த படத்தில், அவ்வளவு பேர் இருந்த மண்டபத்தில், அந்தக் கதவைப் பற்றி என்னிடம் கேள்வி கேட்ட ஒரே ஆள், அப்பாவைக் கொன்றதாகச் சிறையில் இருப்பவரின் மனைவி.

அவரோடு சேர்ந்து அண்ணனின் வக்கீலைப் போய்ப் பார்த்தேன். வக்கீல் பொறுமையாகக் கேட்டார். நீயும் அம்மாவும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தால் அப்பீலில் சேர்க்கப் பார்க்கலாம். ஆனால் அப்போது நீ சிறுமி, அம்மா அந்த ஷெட்டுக்கு வந்ததே இல்லை, உள்ளே வேலை பார்த்த ஒருவர் சொன்னால்தான் நிற்கும் என்றார். அப்படி ஒருவர் எனக்குத் தெரிந்தே இருந்தார். அந்த ஷெட்டில் அப்பாவோடு முறை மாற்றி ராத்திரி வேலை பார்த்தவர். இப்போது எங்கள் தொழிற்சாலையிலேயே வாட்ச்மேன். அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். தினமும் காலையில் கேட்டில் என் பையைச் சோதிப்பது போலப் பாவனை செய்துவிட்டு, "அம்மா எப்பிடி கீது?" என்று கேட்டு அனுப்புவார்.

படத்தை அவரும் பார்த்திருந்தார். நான் கேட்டதும் கேட்டுக்கு வெளியே ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எங்கள எல்லாரையுந்தான் பூட்டுவாங்க. ஒண்ணுக்கு வந்தாக்கூட பாட்டில்லதான். ஊருக்கே தெரியும்."

"அத எழுதிக் குடுங்க மாமா."

"எம் பையன் அந்த மொதலாளியோட வேற கம்பெனியிலதான் கீறான்."

"அப்பாவுக்காக."

"உங்கப்பன் செத்துட்டாம்மா. எம் பையன் உசுரோட கீறான்." குரலில் கோபம் இல்லை. பேருந்து வந்து நின்றது. ஆட்கள் இறங்கி வந்தார்கள். அவர் எழுந்து கேட்டைத் திறக்கப் போய்விட்டார். நான் அவரை மேலும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தினமும் தோன்றும். அம்மா எப்பிடி கீது என்று அவர் கேட்பதை நிறுத்திக்கொண்டார்.

அதற்குச் சில வாரங்கள் கழித்து ஒரு மத்தியானம் பேக்கிங் பிரிவில் பிளாஸ்டிக் சுற்றும் இயந்திரம் கருகிப் புகைந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை. சுவிட்சை அணைத்துவிட்டார்கள். ஆனால் நாற்றம் தாங்கவில்லை; எல்லோரும் முகத்தை மூடிக்கொண்டு இருமினோம். கேன்டீனில் என் கையைப் பிடித்து அழுத அந்தப் பெண்தான், "பின் கதவத் தொறங்கடி" என்றாள். யாரோ போய்த் தள்ளினார்கள். திறக்கவில்லை. "வெளிய பூட்டிகீது" என்று சொல்லிச் சிரித்துவிட்டு எல்லோரும் முன்வாசலுக்கு நடந்தார்கள். நான் நடக்கவில்லை. இத்தனை வருடமாக அந்தக் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறேன். படம் பார்த்து ஊரே என் ஜன்னலுக்காக அழுத நாட்களிலும் அது பூட்டித்தான் இருந்திருக்கிறது. கேன்டீனில் போனைச் சுற்றி உட்கார்ந்து அழுதவர்கள் அழுது முடித்துவிட்டு வந்து அந்தப் பூட்டுக்கு உள்ளேதான் வேலை செய்தார்கள். நானும்தான்.

எங்கள் பிரிவுச் சூப்பர்வைசரிடம் போனேன். எதையாவது வெளியே வீசி மதில் தாண்டிக் கொண்டுபோய்விடுவார்கள், அதனால் பூட்டுகிறோம் என்றார். தீப் பிடித்தால் என்றேன். முன்வாசல் இருக்கிறதே என்றார். தீ முன்வாசலில் பிடித்தால் என்றேன். "படத்துல வந்துட்டா இன்னா வேணா பேசலாமா? போயி வேலயப் பாரும்மா" என்றார். உடன் வேலை செய்யும் பெண்களிடம் சேர்ந்து வந்து கேளுங்கள் என்றேன். ஏம்பலத்துக்காரி மட்டும் வந்தாள். மற்றவர்கள், "ஒனக்கு எங்க பாத்தாலும் பூட்டுதாங்க்கா தெரியுது" என்றார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் சூப்பர்வைசர் அதே பதிலைத்தான் சொன்னார்.

பிறகு மாமாவிடம் போனேன். "பின் கதவ யாரு பூட்டறது மாமா?"

"நான்தாம்மா. ஷிஃப்ட் ஏறனதும் பூட்டணும்னு ஆர்டரு."

"எந்தப் பக்கம்?"

அவர் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். மறுபடி எடுத்து மாட்டிக்கொண்டார். நான் உள்ளே போய்விட்டேன். அன்றும் மறுநாளும் கதவு வெளியேதான் பூட்டியிருந்தது.

அடுத்த வாரம் ஒரு காலையில் நான் என் இடத்துக்குப் போனபோது பூட்டு உள்பக்கம் தொங்கியது. உள்ளே புதிதாக ஒரு கொண்டியும் வளையமும் அடித்திருந்தார்கள். ஆணியைச் சுற்றி மரத்தூள் அப்படியே இருந்தது. பக்கத்துச் சுவிட்ச் போர்டுக்குக் கீழே ஓர் ஆணியில், சணல் கயிற்றில் சாவி. ஏம்பலத்துக்காரி அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். இடைவேளையில் கேட்டுக்குப் போனேன். மாமா நிமிர்ந்து பார்க்காமலே பேசினார்.

"பூட்டச் சொல்லித்தான் ஆர்டரு. எந்தப் பக்கம்னு சொல்லல."

"சூப்பர்வைசர் பாத்தா?"

"பாக்கறப்ப பாக்கலாம்." பிறகு, "அந்தப் பேப்பர்ல கையெழுத்து மட்டும் கேக்காத" என்றார்.

கேட்கவில்லை. அப்பீல் இன்னும் விசாரணைக்கு வரவில்லை. அண்ணன் இன்னும் உள்ளே இருக்கிறார். அவர் மனைவி மாதத்துக்கு ஒருமுறை போன் செய்து, ஒன்றும் தெரியவில்லை பாப்பா என்கிறார். படத்தைப் பார்த்தவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. நேற்றுகூட யாரோ இசையைப் பற்றி எழுதியிருந்தார்கள்.

பூட்டு உள்பக்கம் வந்த அன்று, இடைவேளை முடிந்து மணி அடித்து எல்லோரும் உள்ளே வருவதற்கு முன்னால் நான் அந்தச் சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தேன். கதவின் கீல் துருப்பிடித்திருந்தது, தோளால் தள்ள வேண்டியிருந்தது. வெளியே ஒரு சாக்கடை, அதை ஒட்டிக் கருவேலம் புதர், அதற்கு அப்பால் மதில். கொஞ்ச நேரம் அங்கே நின்றேன். பிறகு கதவைச் சாத்திப் பூட்டி, சாவியை ஆணியில் மாட்டிவிட்டு வந்து பெட்டி ஒட்ட உட்கார்ந்தேன்.